தெரியாது என்ற பதில்

பல வருடங்களுக்கு முன் ஒரு கிராமத்துப் பாடசாலையில் நான் அதிபராக இருந்தேன். ஒரு நாள் வலயக் கல்விக் காரியாலயத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. "சேர், உங்களப் பத்தி ஒரு மொட்டைக் கடிதம் வந்திருக்கு. ஒருக்கா வந்துட்டுப் போங்க" என்றார்கள். போனேன். இரண்டு பக்கக் கடிதம். கணினியில் தட்டச்சு செய்திருந்தார்கள். கீழே பெயர் இல்லை, 'பாதிக்கப்பட்ட ஆசிரியர்கள்' என்று மட்டும் இருந்தது. மொத்தம் ஏழு குற்றச்சாட்டுகள். அவற்றுள் மூன்று முழுப் பொய். இரண்டு, ஊதிப் பெருப்பித்தவை. ஒன்று எனக்கு விளங்கவில்லை. ஏழாவது, வரவுப் பதிவேட்டில் காலை 7.30க்குக் கீற வேண்டிய சிவப்புக் கோட்டைப் பற்றியது. அதிபருக்கு வேண்டியவர்கள் வந்து கையெழுத்திடும் வரை அந்தக் கோடு காத்திருக்கிறது, இரண்டு பஸ் மாறி வரும் ஆசிரியைகளுக்கு மட்டும் நேரத்துக்கே விழுகிறது என்று எழுதியிருந்தார்கள்.

பணிப்பாளர் என் முகத்தைப் பார்த்தார். "இப்படியொரு குறை இருப்பதே எனக்குத் தெரியாது சேர்" என்றேன். அவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மொட்டைக் கடிதங்களுக்கு எங்கள் காரியாலயங்களில் பஞ்சம் இருந்ததில்லை.

அடுத்த இரண்டு வாரங்களும் நான் செய்த ஒரே வேலை, எழுதியவர் யாரென்று தேடியதுதான். கடிதத்தில் ஓரிடத்தில் றகரம் வரவேண்டிய இடத்தில் ரகரம் வந்திருந்தது. ஆசிரியர்களின் பாடக் குறிப்புப் புத்தகங்களை வரவழைத்து அந்தப் பிழையைத் தேடினேன். வீட்டில் கணினி வைத்திருந்த இளம் ஆசிரியர் ஒருவர் மீது என் சந்தேகம் போய் விழுந்தது. அவரோடு பேசுவதைக் குறைத்தேன். அவர் இடமாற்றத்துக்கு விண்ணப்பித்தபோது ஒரு நாளும் தாமதிக்காமல் சிபாரிசு செய்து அனுப்பினேன்.

அவர் போய்ச் சில மாதங்களுக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பாடசாலை நேரத்தோடு விட்டிருந்த பொழுது, ஓய்வுபெறும் வயதை நெருங்கியிருந்த ஓர் ஆசிரியை அலுவலகத்துக்கு வந்தார். "சேர், அந்தச் சிவப்புக் கோட்டப் பத்தி நானே உங்களுக்கிட்ட ரெண்டு தரம் சொன்னேன். நீங்க சிரிச்சிட்டுப் போயிட்டீங்க" என்றார்.

அவர் சொன்னது எனக்கு நினைவில் இல்லை. ஆனால் அவர் பொய் சொல்பவரல்லர். அப்படியானால் பணிப்பாளரிடம் நான் சொன்னது என்ன? அதுவும் பொய்யல்ல. தெரியாது என்று சொன்னபோது எனக்கு உண்மையாகவே தெரியாதுதான் இருந்தது. இரண்டு முறை சொல்லப்பட்ட ஒன்று எப்படித் தெரியாமற் போனது என்பதை அன்று நான் என்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கேள்வி பின்னர் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு செய்தியின் வடிவில் என்னிடம் திரும்பி வந்தது.

2017 பெப்ரவரி 19ஆம் திகதி, சூசன் ஃபவுலர் என்ற இளம் பொறியியலாளர் இணையத்தில் ஒரு கட்டுரையை வெளியிட்டார். இப்போது கொழும்பிலும் ஓடுகின்ற ஊபர் வாடகைக் கார் சேவையின் சான் பிரான்சிஸ்கோ தலைமையகத்தில் அவர் ஏறக்குறைய ஒரு வருடம் வேலை செய்து, 2016 டிசம்பரில் விலகியிருந்தார். பயிற்சி முடிந்து தன் குழுவில் சேர்ந்த முதல் நாளே மேலதிகாரி தனக்குத் தவறான நோக்கத்தோடு செய்திகள் அனுப்பியதையும், அவற்றைப் படம் பிடித்து மனித வளப் பிரிவிடம் ஒப்படைத்ததையும் அதில் எழுதியிருந்தார். அந்தப் பிரிவு அவருக்குச் சொன்ன பதில் இதுதான்: அந்த மனிதர் திறமையாக வேலை செய்பவர், இது அவருடைய முதல் தவறு, ஆகவே கண்டிப்பதோடு விட்டுவிடுகிறோம், நீங்கள் வேண்டுமானால் வேறு குழுவுக்குப் போகலாம், அல்லது அவருக்குக் கீழேயே இருந்து அவர் உங்களுக்குக் குறைவான மதிப்பீடு தந்தால் அதை ஏற்றுக்கொள்ளலாம். பின்னர் வேறு பெண்களோடு பேசியபோது, அதே மனிதரைப் பற்றி அவர்களும் முறைப்பாடு செய்திருந்ததும், அவர்களுக்கும் 'முதல் தவறு' என்றே சொல்லப்பட்டிருந்ததும் தெரிய வந்ததாக ஃபவுலர் எழுதினார்.

ஃபவுலர் பெயரை மறைக்கவில்லை. வசைமொழியும் பாவிக்கவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிக்கொண்டு போனார். வாசித்தவர்களை அந்தக் கட்டுரை உலுக்கியதற்கு அந்த அமைதியும் ஒரு காரணம்.

ஊபரின் பிரதம நிறைவேற்று அதிகாரியாக அப்போது இருந்தவர், அதன் நிறுவனர்களில் ஒருவரான டிரவிஸ் கலனிக். அவர் அன்றைக்கே பதில் தந்தார். அந்தப் பதிலில் மூன்று விடயங்கள் இருந்தன. கட்டுரையில் சொல்லப்பட்டவை அருவருக்கத்தக்கவை, கம்பனி நம்பும் எல்லாவற்றுக்கும் எதிரானவை என்பது முதலாவது. இது தன் கவனத்துக்கு வருவது இதுவே முதல் தடவை என்பது இரண்டாவது. அவசர விசாரணைக்கு உத்தரவிட்டிருக்கிறேன், இப்படி நடப்பவர்களும் இதைச் சரியென்று நினைப்பவர்களும் வேலையிழப்பார்கள் என்பது மூன்றாவது.

நியாயமாகப் பார்த்தால் இது மோசமான பதிலல்ல. நான் எங்கள் பாடசாலையில் செய்ததை விட எவ்வளவோ மேலானது. எழுதியவரின் குணநலனை அவர் ஆராயவில்லை. ஏன் வெளியில் சொன்னாய் என்று கேட்கவில்லை. சொன்னபடி விசாரணையும் நடந்தது. ஒபாமாவின் ஆட்சியில் சட்டமா அதிபராக இருந்த எரிக் ஹோல்டர் அமர்த்தப்பட்டார். வேறொரு சட்ட நிறுவனம் 215 முறைப்பாடுகளை ஆராய்ந்தது. ஜூன் மாதத் தொடக்கத்தில் 20க்கும் மேற்பட்டோர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். சுமார் 100 முறைப்பாடுகளில் நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை. சொல்லப்பட்ட எல்லாமே அப்படியே நிரூபணமாகிவிடுவதில்லை என்பதையும் நாம் இந்த இடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் என்னைத் தைத்தது அந்த இரண்டாவது வசனம்தான். இது என் கவனத்துக்கு வருவது இதுவே முதல் தடவை. நான் பணிப்பாளரிடம் சொன்னதும் இதைத்தானே!

கலனிக் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பொறியியலாளரின் முறைப்பாடு அவருடைய மேசைக்கு வராமலே இருந்திருக்கலாம். கேள்வி அதுவல்ல. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் ஓர் இடத்தில், படம் பிடித்துக் கையில் கொடுக்கப்பட்ட ஒரு முறைப்பாடு தலைவரை எட்டாமற் போகிறதென்றால், அந்தத் தெரியாமைக்கு யார் பொறுப்பு? தெரியாது என்பதை நாம் சாக்காகத்தான் எப்போதும் பாவிக்கிறோம். மழை பெய்ததால் வரவில்லை என்பது போல, தெரியாததால் செய்யவில்லை என்கிறோம். ஆனால் மழை நம்மைக் கேட்டுப் பெய்வதில்லை. ஒரு தலைவரின் தெரியாமையோ பெரும்பாலும் அவர் நடத்தையிலேயே விளைவது.

ஃபவுலரின் கட்டுரையில் ஒரு கணக்கு வருகிறது. அவர் சேர்ந்தபோது அவருடைய பிரிவில் பெண்கள் 25 வீதத்துக்கும் அதிகமாக இருந்தார்கள். அவர் வேறு பிரிவுக்கு மாறிப்போக முயன்ற காலத்தில் அது 6 வீதத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. வெளியேறிய கடைசி நாளில் அவர் கணக்குப் பார்த்தபோது, 150க்கும் மேற்பட்ட பொறியியலாளர்களில் 3 வீதமானோரே பெண்கள். இந்தக் கணக்கை அறிய ஒருவரும் வாய் திறந்து முறையிட வேண்டியதில்லை. சம்பளப் பட்டியலைப் புரட்டினாலே போதும். ஒரு வருடத்துக்குள் ஒரு பிரிவிலிருந்து பெண்கள் இப்படிக் கரைந்து போகிறார்களே, ஏன் என்று ஒரு தலைவர் கேட்டிருந்தால், 'முதல் தடவை' என்று சொல்ல வேண்டிய நிலை அவருக்கு வந்திராது. பயணிகளின் ஒவ்வோர் அசைவையும் இலக்கமாக்கி அளக்கத் தெரிந்த கம்பனி அது. அந்தக் கணக்கை மட்டும் பார்க்க அதற்குத் தோன்றவில்லை.

தெரியாமை எப்படி விளைகிறது என்பதை அந்த மாதமே வெளியான இன்னொரு காட்சி இதைவிடத் தெளிவாகக் காட்டியது. பெப்ரவரி 28ஆம் திகதி புளூம்பேர்க் செய்தி நிறுவனம் ஓர் ஒளிப்பதிவை வெளியிட்டது. ஃபவுலரின் கட்டுரைக்கு இரண்டு வாரங்களுக்கு முன் காருக்குள் பதிவானது அது. கலனிக் ஊபர் காரொன்றில் பயணம் செய்து இறங்கப் போகிறார். தன் வண்டியில் ஏறியிருப்பது யாரென்று அறிந்த சாரதி, கட்டணங்களை நீங்கள் குறைத்துக்கொண்டே போனதால் 97,000 டொலர் நட்டப்பட்டேன், உங்களால் நான் வங்குரோத்தாகிவிட்டேன் என்று சொல்கிறார். சிறிது நேரம் வாதம் நடக்கிறது. கடைசியில் கலனிக் சினந்து, சிலருக்குத் தங்கள் வாழ்க்கைக்குத் தாங்களே பொறுப்பேற்க விருப்பமில்லை, எல்லாவற்றுக்கும் பிறரைக் குற்றம் சொல்கிறார்கள் என்ற கருத்தில் கடுமையாகப் பேசிவிட்டு இறங்கிப் போகிறார். பதிவு வெளியானதும் அவர் ஊழியர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். வெட்கப்படுகிறேன், ஒரு தலைவராக நான் அடிப்படையிலேயே மாறவேண்டும், வளரவேண்டும் என்று எழுதினார்.

இந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊருக்கே கேட்கச் சொன்னவருக்கு மரியாதையான பதிலும் விசாரணையும் கிடைத்தன. முகத்துக்கு நேரே, நாலு கண்ணுக்கு முன்னால் சொன்னவருக்கு ஏச்சுத்தான் கிடைத்தது. அந்தச் சாரதி சட்டப்படி ஊழியரா, சுயதொழில் செய்பவரா என்பது வேறு வழக்கு. குறையை உரியவரிடம் நேரில் சொன்னார் என்பதுதான் நமக்கு முக்கியம். தலைவர்கள் எல்லோரும் விரும்புவதாகச் சொல்லும் வழியில்தான் அவர் போனார். இதைப் பார்க்கும் வேறொரு சாரதி என்ன பாடம் படிப்பார்? நேரில் சொல்லிப் பயனில்லை என்பதைத்தானே. ஆனால் தலைவரின் ஏட்டில் அந்தப் பாடம் பதிவாவதில்லை. அங்கே பதிவாவது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்ற அமைதி. அந்த அமைதியை நிம்மதி என்று அவர் எண்ணிக்கொள்கிறார். நான் சிரித்துவிட்டுப் போன பிறகு அந்த ஆசிரியை மூன்றாம் முறை என்னிடம் வரவில்லை. சிவப்புக் கோட்டு விவகாரம் தீர்ந்தது என்றுகூட நான் நினைக்கவில்லை. அப்படியொன்று இருந்ததே என் நினைவிலிருந்து போய்விட்டது.

வெளியில் சொல்வதே தவறு என்று வாதிடும் தலைவர்களும் இருக்கிறார்கள். 2022 ஜூன் மாதம் கொயின்பேஸ் என்ற கிரிப்டோ நாணய வர்த்தக நிறுவனத்தில் மூன்று உயரதிகாரிகளை நீக்கக் கோரும் மனுவொன்று பெயரில்லாமல் இணையத்தில் வெளியானது. நிறுவனத்தின் தலைவர் பிரையன் ஆம்ஸ்ட்ரோங் ஜூன் 10ஆம் திகதி பகிரங்கமாகவே பதில் எழுதினார். இது பல வகையிலும் மடத்தனமானது. தலைமையில் நம்பிக்கையில்லை என்றால் ஏன் இங்கே இருக்கிறீர்கள், விலகி உங்களுக்கு நம்பிக்கையுள்ள இடத்துக்குப் போங்கள். பிடிபட்டால் வேலை போகும். இதுதான் பதிலின் சாரம். அதோடு தங்கள் பண்பாடு என்று ஒரு கோட்பாட்டையும் சொன்னார். பாராட்டைச் சபையில் சொல், குறையைத் தனிமையில் சொல்.

இந்தக் கோட்பாட்டை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. நம் வீடுகளிலும் இதைத்தானே சொல்லி வளர்த்தார்கள்! நாலு பேர் முன்னிலையில் ஒருவரின் மானத்தை வாங்காதே என்று என் வாப்பாவும் எனக்குச் சொல்லியிருக்கிறார். ஆனால் இது யார் யாருக்குச் சொல்லும் அறிவுரை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆசிரியன் மாணவனை, அதிபர் ஆசிரியரை, முதலாளி தொழிலாளியைத் திருத்தும்போது பலமுள்ளவன் பலமில்லாதவனின் மானத்தைக் காப்பதற்காகப் பிறந்த ஒழுக்கம் அது. மேலே இருப்பவன் கையிலுள்ள தடியைக் கட்டிப்போடும் கயிறு அது. அதையே கீழே இருப்பவனின் வாயில் கட்டினால் ஒழுக்கம் அதிகாரமாக மாறிவிடுகிறது. வார்த்தை மாறவில்லை, அது பாயும் திசை மாறிவிட்டது. தனிமையில் சொல் என்று தொழிலாளியிடம் சொல்லுமுன், தனிமையில் சொன்னவனுக்கு இதுவரை என்ன நடந்தது என்று காட்டவேண்டிய கடமை தலைவருக்கு இருக்கிறது.

அந்த மனு கண்டித்தவற்றுள் ஒன்று, நிறுவனம் தாங்க முடியாத வேகத்தில் ஆட்களைச் சேர்ப்பது. நான்கு நாட்கள் கழித்து, ஜூன் 14ஆம் திகதி, ஆம்ஸ்ட்ரோங் ஊழியர்களில் 18 வீதமானோரை, சுமார் 1,100 பேரை, வேலையிலிருந்து நிறுத்தினார். அதற்கு அவர் தந்த காரணங்களில் ஒன்று, நாம் அளவுக்கு மீறி வேகமாக வளர்ந்துவிட்டோம், அதிகமாக ஆட்களைச் சேர்த்துவிட்டோம் என்பது. மனுவில் இருந்த எல்லாமே சரியென்று இதனால் ஆகிவிடாது. ஆனால் மடத்தனம் என்று ஒதுக்கப்பட்ட கடிதத்துக்குள்ளும், ஒதுக்கியவரே ஒரு வாரத்துக்குள் ஒப்புக்கொள்ள நேர்ந்த ஓர் உண்மை இருந்தது.

இன்னொரு வகைப் பதிலும் உண்டு. அது கோபிப்பதில்லை, மறுப்பதுமில்லை, விலகி நிற்கிறது. ஃபவுலரின் கட்டுரைக்குச் சரியாக ஒரு வருடத்துக்கு முன், 2016 பெப்ரவரி 19ஆம் திகதி, அதே சான் பிரான்சிஸ்கோவில் யெல்ப் நிறுவனத்தில் வாடிக்கையாளர் சேவையில் இருந்த 25 வயதுப் பெண்ணொருவர் அதன் தலைவர் ஜெரமி ஸ்டொப்பெல்மனுக்கு இணையத்தில் ஒரு திறந்த கடிதம் எழுதினார். வரி போகத் தன் கைக்கு வருவது மணித்தியாலத்துக்கு 8.15 டொலர், வீட்டு வாடகை மாதம் 1,245 டொலர், சோற்றை மட்டும் உண்டு நாளைக் கழிக்கிறேன் என்று எழுதியிருந்தார். சில மணித்தியாலங்களுக்குள் அவர் வேலையை இழந்தார். ஸ்டொப்பெல்மன், கடிதத்தை வாசித்தேன், இந்த நகரத்தில் வாழ்க்கைச் செலவு மிக அதிகம் என்பது உண்மைதான் என்று பதில் எழுதினார். வேலைநீக்கத்தில் தனக்கு நேரடித் தொடர்பில்லை, அதற்குக் கடிதம் காரணமும் இல்லை என்றும் சொன்னார்.

யெல்ப் செய்யும் தொழில் என்ன? உணவகங்களையும் கடைகளையும் பற்றி வாடிக்கையாளர்கள் எழுதும் நல்லதையும் கெட்டதையும் உலகத்துக்குக் காட்டுவது. சாப்பாட்டில் உப்பில்லை என்று எவரும் எழுதலாம், கடைக்காரர் பொறுமையோடு பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் அந்த வியாபாரத்தின் அத்திவாரம். அந்த வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் எங்கள் சாப்பாட்டில் சோற்றைத் தவிர ஒன்றுமில்லை என்று எழுதியபோது, தலைவரால் நகரத்தின் விலைவாசியைப் பற்றித்தான் பேச முடிந்தது. விலைவாசி அவர் கையில் இல்லை. சம்பளம் அவர் கையில் இருந்தது. தன் கையில் இல்லாததை ஒப்புக்கொள்வது இலகுவானது, அதற்கு விலையில்லை. அந்தப் பெண்ணைப் பொறுப்பற்றவள், சோம்பேறி என்று இணையத்தில் பலரும் திட்டினார்கள். அவர் செலவழித்த விதத்தில் குறை இருந்திருக்கலாம். ஆனாலும் சொன்னவரின் குறையும் சொல்லப்பட்ட குறையும் வேறு வேறு. ஒன்றைக் காட்டி மற்றதை மூடிவிட முடியாது.

இனி, மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தலைவர் என்றால் அவர் மீது எதையும் எறியலாம் என்பது நியாயமல்ல. என் மீது எழுதப்பட்ட ஏழில் மூன்று முழுப் பொய் என்று சொன்னேன். அந்த மூன்றும் என்னை நித்திரையின்றி ஆக்கின என்பதும் உண்மை. பெயரில்லாமல் எழுதுபவன் தன் சொல்லுக்கு விலை கொடுப்பதில்லை. தலைவரோ எல்லாவற்றையும் திறந்து பேச முடியாதவர். ஓர் ஊழியரின் கோப்பில் என்ன இருக்கிறது, ஏன் எச்சரிக்கப்பட்டார், ஏன் நீக்கப்பட்டார் என்பதைச் சந்தியில் வைத்துப் பேசுவது அவருக்குத் தகாது. ஆகவே பாதி உண்மையோடு ஒருவர் பேச, முழு உண்மை தெரிந்தவர் வாய்மூடி நிற்க வேண்டிய சந்தர்ப்பங்கள் வரும். அது ஒரு பாரம்தான். ஆனால் அதிகாரத்தோடு சேர்ந்து வரும் பாரம் அது. பதவியின் சுகங்களை ஏற்றவர் இதையும் சேர்த்துத்தான் ஏற்றிருக்கிறார்.

அந்தப் பாரத்தை எப்படிச் சுமக்கலாம்? 2015 ஓகஸ்டில் நியூயோர்க் டைம்ஸ், அமேசன் நிறுவனத்தின் அலுவலகங்களில் நிலவிய கடுமையைப் பற்றி, முன்னாள் ஊழியர்களும் அப்போதைய ஊழியர்களும் சொன்னவற்றைத் திரட்டி நீண்ட கட்டுரையொன்றை வெளியிட்டது. அதன் தலைவராக இருந்த ஜெஃப் பெஸோஸ் ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில், கட்டுரையைக் கவனமாக வாசியுங்கள் என்று அவரே சொன்னார். இதில் வருவது போன்ற சம்பவம் எதையாவது நீங்கள் அறிந்தால் மனித வளப் பிரிவுக்குச் சொல்லுங்கள், அல்லது நேரே எனக்கு எழுதுங்கள் என்று தன் மின்னஞ்சல் முகவரியையும் தந்தார். மறைக்காமல் வாசிக்கச் சொன்னது பாராட்டத்தக்கது. ஆனால் அதே கடிதத்தில், இக்கட்டுரை வர்ணிப்பது நான் அறிந்த அமேசன் அல்ல என்றும் எழுதினார். அங்கேதான் சிக்கல். உச்சியிலிருக்கும் ஒருவர் அறிந்த நிறுவனமும் அடியிலிருக்கும் ஒருவர் அறிந்த நிறுவனமும் ஒன்றாக இருப்பதில்லை. அதிபர் அறிந்த பாடசாலையில் சிவப்புக் கோடு யாரையும் வருத்துவதில்லை, ஏனென்றால் அந்தப் பேனை அவர் கையில் இருக்கிறது. நான் அறிந்தது இதுவல்ல என்ற வசனத்தை மறுப்பாகச் சொல்லாமல், அப்படியானால் நான் அறிந்தது போதாது என்று முடித்திருந்தால் அது வேறு கடிதமாக இருந்திருக்கும்.

ஊபர் கம்பனி தன் கொள்கைகளாக 14 வாசகங்களை வைத்திருந்தது. அவற்றுள் ஒன்று, பதவி பாராமல், பிறர் கால் விரலை மிதித்தாவது நல்ல கருத்தை முன்வை என்ற பொருள் கொண்டது. கீழே இருப்பவன் துணிந்து பேச வேண்டும் என்பதற்காக வந்த வாசகம். எரிக் ஹோல்டர் குழுவின் பரிந்துரைகள் 2017 ஜூன் 13ஆம் திகதி வெளியானபோது, தீய நடத்தைக்கு நியாயம் கற்பிக்கப் பயன்பட்ட கொள்கைகளை நீக்குங்கள் என்று சொல்லப்பட்டது. அந்தப் பட்டியலில் இந்த வாசகமும் இருந்தது. பலமுள்ளவர்கள் கால்களை மிதித்தார்கள், பலமில்லாதவர்களின் கால்கள் மிதிபட்டன. பேசலாம் என்று சுவரில் எழுதி வைப்பதால் எவருக்கும் பேசும் தைரியம் வருவதில்லை. பேசியவர் மறுநாளும் அதே கதிரையில் இருக்கிறாரா என்பதைப் பார்த்துத்தான் அடுத்தவர் வாய் திறக்கிறார்.

காதுக்குக் கசக்கும் சொல்லைத் தாங்குவதை வள்ளுவர் இறைமாட்சி அதிகாரத்தில் மன்னனின் பண்பாக வைத்தார். இடித்துரைப்பவர்களைத் துணையாகக் கொள்வதற்கென்றே ஓர் அதிகாரமும் செய்தார். ஆனால் அந்த அதிகாரத்தில் மன்னனுக்குத் துணையாக வருகிறவர்கள் பெரியார்கள், அறிவாலும் அனுபவத்தாலும் சபையில் இடமுள்ளவர்கள். நம் காலத்தில் இடித்துரைப்பவர் மாதச் சம்பளத்தில் வாடகை கட்டும் ஒருவர். அவருக்குச் சபையில் இடமில்லை. கம்பனிக்குள் சொன்னால் மேலே போவதில்லை. வழக்குப் போடலாம் என்றால், அமெரிக்காவின் பல நிறுவனங்கள் வேலைக்குச் சேரும்போதே நீதிமன்றம் போகமாட்டேன், தனியார் நடுவர் முன்னால் மூடிய அறைக்குள் பேசித் தீர்ப்பேன் என்று கையெழுத்து வாங்கிக்கொள்கின்றன. பாலியல் தொல்லை பற்றிய தனிநபர் முறைப்பாடுகளில் ஊபர் அந்த நிபந்தனையைக் கைவிட்டது 2018 மே மாதத்தில்தான். நாடு முழுவதற்குமான சட்டமாக அது வந்தது 2022 மார்ச்சில். ஆக, 2017இல் ஃபவுலர் எழுத உட்கார்ந்தபோது அவருக்கு எத்தனை கதவுகள் திறந்திருந்தன? ஏன் வீதிக்கு வந்தாய் என்று கேட்குமுன் வீட்டின் கதவுகளை யார் பூட்டியது என்று பார்ப்பதுதான் முறை.

ஆகவே ஒரு தலைவரின் பதில் நல்லதா கெட்டதா என்பதை அவர் பாவித்த சொற்களைக் கொண்டு அளக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன். கலனிக்கின் சொற்கள் நல்லவை. அவர் 2017 ஜூன் 20ஆம் திகதி முதலீட்டாளர்களின் நெருக்குதலால் பதவி விலகினார். அதற்கு வேறு காரணங்களும் சேர்ந்திருந்தன. ஆனால் அந்தச் சரிவு வேகமெடுத்தது, ஒரு பெண் தன் கதையைச் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அவரிடம் இல்லாதிருந்தது நல்ல பதிலல்ல, அந்தப் பதிலை ஒரு வருடத்துக்கு முன்னமே, ஊர் பாராத இடத்தில், அந்தப் பெண் முதல் முறை முறையிட்ட அறையில் தரக்கூடிய ஓர் ஒழுங்கு. உலகமே பார்க்கும்போது நீதியாக நடக்க எவராலும் முடியும்.

முறைப்பாடொன்று வெளியில் வந்துவிட்டால் தலைவருக்கு முதலில் தோன்றும் கேள்வி, யார் சொன்னது என்பது. அது பயத்தின் கேள்வி. அடுத்தது, ஏன் வெளியில் சொன்னார் என்பது. அது மானத்தின் கேள்வி. சொன்னது உண்மையா என்பது மூன்றாவதாக வருகிறது. நல்ல தலைவர்கள் அதையே முதலில் கேட்கிறார்கள். அதற்கும் அப்பால் இன்னொரு கேள்வி இருக்கிறது. இது உண்மையானால், இத்தனை நாளும் என்னிடம் வராமல் இதைத் தடுத்தது எது? விசாரணைக் குழு அமைத்து வேறொருவரிடம் ஒப்படைக்க முடியாத கேள்வி அது. ஏனென்றால் பெரும்பாலும் அதன் விடை, நான்.

அந்த ஆசிரியை வந்து போன அடுத்த பாடசாலை நாளிலிருந்து 7.30க்கு நானே கோடு கீறினேன். இரண்டு பஸ் மாறி வந்தவர்களின் நேரசூசியில் முதலாம் பாடவேளையை மாற்றிக் கொடுத்தேன். அதற்கு ஐந்து நிமிடமும் செல்லவில்லை. அதற்காக யாரும் என்னைப் பாராட்டவுமில்லை, பாராட்ட அதில் ஒன்றுமில்லை. மாற்றலாகிப் போன அந்த இளம் ஆசிரியரை ஒரு கல்யாண வீட்டில் பல வருடங்கள் கழித்துச் சந்தித்தேன். கடிதத்தைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அவரோ, "சேர், அங்க இருக்கக்குள்ள உங்களுக்கு என்னில என்ன கோவம்? எனக்கு இண்டைக்கும் விளங்கல்ல" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. கடிதம் அவர் எழுதியதல்ல என்பது அவர் கேட்ட விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

எழுதியவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதை அறிய இப்போது விருப்பமுமில்லை. அந்த இரண்டு வாரங்களில் பாடக் குறிப்புப் புத்தகங்களைப் புரட்டிய நேரத்தில், வரவுப் பதிவேட்டை ஒரு தடவை புரட்டிப் பார்த்திருக்கலாம். அது என் மேசை மேலேயேதான் இருந்தது.